அல்சாஸ் ஒயின் பாதை: ஊர், கோட்டை, மலை பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாரிஸ் பார்த்தாயிற்று, அடுத்து எங்கே போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் அல்சாஸ். சொன்னதும் கேள்விகள் வரிசையாக வரும். அடிக்கடி வருகிறவற்றை இங்கே பதிலோடு தருகிறேன். பூந்தொட்டிகள் தொங்கும் வீதிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது, அதே சரிவில் இருக்கும் கோட்டைகளையும் போர்க் கல்லறைகளையும் அதற்கு மேலே உள்ள மலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பதில்கள் அந்தப் பக்கம்தான் சாயும்.

அல்சாஸ் எங்கே இருக்கிறது? ஒயின் பாதை என்பது தனிச் சாலையா?

பிரான்சின் கிழக்கு ஓரம். மேற்கே வோஜ் மலை, கிழக்கே ரைன் நதி, நதிக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி. வடக்கே ஸ்ட்ராஸ்பூர், நடுவில் கொல்மார், தெற்கே முலூஸ். மலையடிவாரத்தை ஒட்டி மார்லென்ஹைம் ஊரிலிருந்து டான் ஊர் வரை சுமார் 170 கிலோமீட்டர் நீளத்துக்குப் போவதுதான் ஒயின் பாதை. 1953-இல் திறந்தார்கள். புதிதாகப் போட்ட சாலை இல்லை. ஏற்கெனவே இருந்த ஊர்ச்சாலைகளை வழிகாட்டிப் பலகைகள் வைத்து இணைத்திருக்கிறார்கள். முழுவதையும் ஓட்டி முடிக்க வேண்டும் என்று கிளம்பாதீர்கள். ரிபோவில்லேயிலிருந்து எகிசைம் வரை உள்ள இருபது, இருபத்தைந்து கிலோமீட்டரிலேயே சில நாட்களுக்கு வேலை இருக்கிறது.

வடக்கே குளிர்ப் பகுதியில் இவ்வளவு திராட்சை எப்படி விளைகிறது?

மலைதான் காரணம். மேற்கிலிருந்து வரும் மழைமேகத்தை வோஜ் தடுத்து நிறுத்திவிடுகிறது. மலைமுகட்டில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழையும் பனியும் கொட்டும். இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கீழே இருக்கும் கொல்மாரில் 600 மில்லிமீட்டர் பெய்தால் பெரிது. பிரான்சின் மிக வறண்ட நகரங்களில் கொல்மாரும் ஒன்று. கேரளம் நனையும்போது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் கோவையும் தேனியும் மழை மறைவில் கிடக்கின்றனவே, அதே கதைதான். தெற்கும் கிழக்கும் பார்த்த சரிவுகளில் காலை வெயில் நேராக விழுகிறது. ரைன் பள்ளத்தாக்கு உருவானபோது நிலம் துண்டு துண்டாக உடைந்து இறங்கியதால், ஓர் ஊருக்குள்ளேயே கருங்கல் மண், சுண்ணாம்பு மண், மணற்கல் மண் என்று மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒரே ரீஸ்லிங் திராட்சை பக்கத்துப் பக்கத்துச் சரிவில் வேறு வேறு ருசி தருகிறது. 'கிரான் க்ரூ' என்ற உயர்தரப் பெயர் பெற்ற சரிவுகள் மட்டும் 51.

எங்கள் குடும்பத்தில் யாரும் குடிப்பதில்லை. போனால் வீண் செலவா?

இல்லவே இல்லை. நான் பட்டியலிடுகிறவற்றில் பெரும்பகுதிக்கு ஒயினோடு சம்பந்தமே கிடையாது. திராட்சைத் தோட்டத்தை ஒரு நிலக்காட்சியாகப் பாருங்கள். ஊர் அமைந்த விதம், சுவர், கோபுரம், தேவாலயம் எல்லாமே அந்த விவசாயத்தின் வருமானத்தில் எழுந்தவை. பல இடங்களில் உள்ளூர்த் திராட்சைச் சாறு கிடைக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

எந்த மாதம் நல்லது?

என் தேர்வு அக்டோபரின் முதல் பாதி. இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும், அறுவடையின் கடைசிக் கட்டம் நடந்துகொண்டிருக்கும், மலைச்சாலையும் திறந்திருக்கும். மே, ஜூனும் அருமை. ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் மாலை ஆறு மணிக்கு மேல், பேருந்தில் வந்த கூட்டம் போன பிறகு, ஊர் உங்களுக்கே. ஜூலை, ஆகஸ்டில் வெயில் நன்றாக அடிக்கும்.

டிசம்பர் கிறிஸ்துமஸ் சந்தைகளுக்குப் புகழ் பெற்றது. ஸ்ட்ராஸ்பூர் சந்தை 1570-இலிருந்து நடக்கிறது. ஆனால் சனி, ஞாயிறுகளில் தெருவில் நகரவே முடியாது, தங்குமிட விலையும் ஏறிவிடும். கோட்டையையும் மலையையும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் டிசம்பரைத் தவிர்ப்பது நல்லது.

எத்தனை நாள் வேண்டும்? எங்கே தங்குவது?

குறைந்தது நான்கு நாள். கொல்மாரில் மூன்று இரவு, ஸ்ட்ராஸ்பூரில் ஓர் இரவு என்று பிரித்துக்கொள்ளலாம். பாரிஸின் கிழக்கு நிலையமான கார் த லெஸ்ட்டிலிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து கொல்மார் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். முன்கூட்டியே பதிவு செய்தால் டிக்கெட் விலை பாதிக்கும் கீழே கிடைக்க வாய்ப்பு உண்டு. விமானத்தில் நேராக வருகிறவர்கள் பாசெல்-முலூஸ் விமான நிலையத்தில் இறங்கலாம். அது பிரான்ஸ் மண்ணில் இருக்கிறது, ஆனால் சுவிட்சர்லாந்துப் பக்கமாக ஒரு வாசல், பிரான்ஸ் பக்கமாக ஒரு வாசல். வெளியே வரும்போது பலகையைப் பார்த்து வாருங்கள்.

கார் இல்லாமல் முடியுமா?

பாதி முடியும். கொல்மாரிலிருந்து மூன்ஸ்டர் பள்ளத்தாக்குக்குள் ஒரு சிறு ரயில் போகிறது, வழியில் டுர்க்கைம் ஊர் வரும். செலெஸ்டா நகரம் முதன்மை ரயில் பாதையிலேயே இருக்கிறது. ரிக்விர், ரிபோவில்லே, கெய்செர்ஸ்பெர்க் ஊர்களுக்குக் கொல்மாரிலிருந்து பேருந்து உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி விடுமுறையிலும் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இந்த நிலம் சொர்க்கம். லண்டனிலிருந்து இத்தாலி வரை போகும் யூரோவெலோ 5 என்ற சைக்கிள் பாதை இந்தத் தோட்டங்கள் வழியாகத்தான் போகிறது. மலைமுகட்டுக்கு மட்டும் கார் இல்லாமல் சிரமம். ஒரு நாளைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள், போதும்.

இத்தனை ஊர்களில் எதை எடுப்பது, எதை விடுவது?

ஒரு நாளில் ஐந்து ஊர் ஓடாதீர்கள். மூன்றாவது ஊருக்கு வரும்போதே எல்லாம் ஒன்றுபோல் தெரிய ஆரம்பித்துவிடும். ஒரு நாளுக்கு இரண்டு ஊர், நடுவில் ஒரு நடை. இதுதான் கணக்கு.

நான் சொல்லும் முதல் நாள் இது: காலை பத்து மணிக்குள் ரிக்விர் போய்விடுங்கள். அங்கே 1291-இல் கட்டிய தோல்டெர் என்ற வாயிற்கோபுரம் நிற்கிறது, உயரம் சுமார் 25 மீட்டர். வாசலுக்கு வெளியே நின்று பார்த்தால் எதிரியைப் பார்த்து முறைக்கும் வெறும் கல்சுவர். உள்ளே வந்து திரும்பிப் பார்த்தால் அதே கோபுரம் மாடி மாடியாக மரச்சட்டமும் ஜன்னலுமாக, வீட்டு முகத்தோடு இருக்கும். வாசலுக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் முன்னால் பார்த்தே நடப்பதால் இதைத் தவற விடுகிறார்கள்.

ரிக்விரிலிருந்து தோட்டங்களுக்கு நடுவே உனாவிர் ஊருக்கு இரண்டு கிலோமீட்டர்தான். மேட்டின் மேல் கோட்டைச் சுவர் சூழ நிற்கும் ஒரு தேவாலயம் தூரத்திலிருந்தே வழிகாட்டும். சண்டை வந்தால் ஊர்மக்கள் ஓடி ஒளிந்த இடம் அது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்டுகளும் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்து வழிபடுகிறார்கள். அங்கிருந்து இன்னும் அதே அளவு நடந்தால் ரிபோவில்லே. அதன் தலைக்கு மேலே காட்டுக்குள் மூன்று பாழடைந்த கோட்டைகள். அவற்றில் மிக அழகானது சேன்-உல்ரிக். ஊரிலிருந்து ஏற ஒரு மணி நேரம் பிடிக்கும், கட்டணம் கிடையாது. மேலே இருந்து ரைன் சமவெளி முழுவதும் விரியும்.

அடுத்த நாளுக்கு கெய்செர்ஸ்பெர்க். கோட்டை அரண் வைத்த 16-ஆம் நூற்றாண்டுக் கல்பாலம், மேலே ஏறிப் போகக்கூடிய வட்டக் கோபுரம், ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்தி 1952-க்கான அமைதி நோபல் பெற்ற ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1875-இல் பிறந்த வீடு, மூன்றும் கையெட்டும் தூரத்தில். எகிசைம் வட்ட வட்டமாகக் கட்டிய ஊர். கோட்டையைச் சுற்றி ஒரு தெரு, அதைச் சுற்றி இன்னொரு தெரு. பதினோராம் நூற்றாண்டுப் போப் ஒன்பதாம் லியோ இந்த ஊர்க்காரர். கூட்டம் பிடிக்காதவர்கள் பெர்க்ஹைம் போங்கள். சுவர் கிட்டத்தட்ட முழுதாக நிற்கிறது, சுவரோரமாகவே ஊரைச் சுற்றி வரலாம்.

டுர்க்கைமில் மே முதல் அக்டோபர் வரை இரவு பத்து மணிக்கு ஊர்க்காவலர் விளக்கும் ஈட்டியுமாகப் பாடிக்கொண்டே தெருத்தெருவாக வருவார். வேடிக்கைக்கு வைத்ததுதான் என்றாலும் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும்.

அந்த மரச்சட்ட வீடுகளில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் வாசல் நிலைக்கு மேலே உள்ள கல்லைப் பாருங்கள். கட்டிய வருடம் செதுக்கியிருக்கும், 15-ஆம், 16-ஆம் நூற்றாண்டு எண்கள் சர்வசாதாரணம். பக்கத்திலேயே வீட்டுக்காரரின் தொழில் அடையாளம்: வளைந்த சிறு அரிவாள் இருந்தால் திராட்சை விவசாயி, பிரெட்ஸெல் ரொட்டி இருந்தால் அடுமனைக்காரர், சுத்தியும் பீப்பாயும் இருந்தால் பீப்பாய் செய்கிறவர். எகிசைம் தெருவில் இந்தக் கற்களை மட்டும் படித்துக்கொண்டே நடக்கலாம்.

அப்புறம் சட்டங்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். ஓக் மரச்சட்டங்களை மர ஆணி அடித்துத்தான் கோத்திருக்கிறார்கள். இடைவெளியைக் குச்சிப் பின்னல், களிமண், வைக்கோல் வைத்துப் பூசினார்கள். ஆணியைக் கழற்றினால் வீட்டையே பிரித்து வேறு இடத்தில் நிறுத்தலாம். முலூஸ் பக்கம் உங்கெர்ஸ்ஹைமில் 1984-இல் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகம் அப்படித்தான் உருவானது. இடிக்கப்படவிருந்த பழைய கிராமத்து வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து ஓர் ஊராகவே நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் ஒரு முழு நாள் ஒதுக்கலாம்.

ஓ-கோனிக்ஸ்பூர்க் உண்மையில் பழைய கோட்டைதானா? 'புதுசாகக் கட்டியது' என்று ஒருவர் சொன்னாரே?

இரண்டும் சரி. 12-ஆம் நூற்றாண்டிலிருந்தே செலெஸ்டா பக்கத்துக் குன்றில் இந்தக் கோட்டை உண்டு. ரைன் சமவெளியில் தெற்கு வடக்காகப் போகும் வழியையும் மலைக்குள் போகும் வழியையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்கலாம். முப்பதாண்டுப் போரில், 1633-இல், ஸ்வீடன் படை ஏழு வாரத்துக்கு மேல் முற்றுகையிட்டுப் பிடித்தது. கோட்டை எரிந்தது. அப்புறம் இரண்டரை நூற்றாண்டு காடு மண்டிக் கிடந்தது.

1871-இல் அல்சாஸ் ஜெர்மனியின் கைக்குப் போனது. 1899-இல் செலெஸ்டா நகரம் இந்த இடிபாட்டைச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்முக்குப் பரிசாகக் கொடுத்தது. அவர் போடோ எப்ஹார்ட் என்ற கட்டடக் கலைஞரை வைத்து 1900 முதல் 1908 வரை திரும்பக் கட்டினார். இந்த மண் எப்போதும் ஜெர்மானியருடையது என்று கல்லில் எழுதிக் காட்டும் வேலை அது. பத்தே வருடத்தில் போரில் தோற்று அல்சாஸ் மீண்டும் பிரான்சுக்கு வந்தது, கோட்டையும் பிரெஞ்சு அரசின் சொத்தாயிற்று.

அதனால் இதைப் 'போலி' என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 15-ஆம் நூற்றாண்டுக் கோட்டை எப்படி இயங்கியிருக்கும் என்பதும், 1900-இல் ஒரு பேரரசர் என்ன கனவு கண்டார் என்பதும் ஒரே கட்டடத்தில் தெரிகின்றன. சமையலறை, கிணற்றுக் கோபுரம், பீரங்கி வைத்த பெரிய கொத்தளம் மூன்றையும் நிதானமாகப் பாருங்கள். வருடத்துக்குச் சுமார் ஐந்து லட்சம் பேர் வருகிறார்கள், காலையில் திறந்தவுடன் போவது உத்தமம். அதற்குப் பிறகு சேன்-உல்ரிக் இடிபாட்டுக்கும் ஏறிவிடுங்கள். திரும்பக் கட்டியது ஒன்று, அப்படியே விட்டது ஒன்று. இரண்டையும் பார்த்தவருக்குத்தான் முழுப்படம் கிடைக்கும்.

பிரான்சில் இருந்துகொண்டு ஊர்ப்பெயரெல்லாம் ஏன் ஜெர்மன் மாதிரி இருக்கிறது?

இங்கே மக்கள் காலம் காலமாகப் பேசியது அல்சாசியம், அது ஜெர்மன் குடும்பத்துப் பேச்சுமொழி. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசர் கைக்கு வந்த பிறகும் வீட்டு மொழி மாறவில்லை. 1871-இல் ஜெர்மனி, 1918-இல் பிரான்ஸ், 1940-இல் நாஜி ஜெர்மனி, 1944-45-இல் மீண்டும் பிரான்ஸ். 1865-இல் பிறந்து எண்பது வயது வாழ்ந்த ஒரு பாட்டி, சொந்த வீட்டை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார். 1942-இலிருந்து அல்சாஸ், பக்கத்து மோசெல் பகுதி இளைஞர்கள் சுமார் 1,30,000 பேரை நாஜிகள் கட்டாயமாகத் தங்கள் படையில் சேர்த்தார்கள். பலர் ரஷ்ய முனையிலிருந்து திரும்பவே இல்லை. ஊர் நினைவுத் தூண்களில் 'பிரான்சுக்காக உயிர் நீத்தார்' என்ற வாசகத்துக்குப் பதில் வெறுமனே 'எங்கள் இறந்தோருக்கு' என்று இருப்பதைக் கவனியுங்கள். எந்தச் சீருடையில் செத்தார்கள் என்று எழுத முடியாத ஊர்கள் அவை.

அந்த ஜெர்மன் காலம் இன்றும் கண்ணில் படும். பிரான்சில் மற்ற இடங்களில் ரயில் இடப்பக்கம் ஓடும், இங்கே வலப்பக்கம். பெரிய வெள்ளியும் டிசம்பர் 26-உம் பிரான்சின் பெரும்பகுதியில் வேலை நாள், இங்கே விடுமுறை.

போர் நினைவிடங்களுக்குக் குடும்பத்தோடு போகலாமா?

போகலாம், போகத்தான் வேண்டும். 1944-45 குளிர்காலத்தில் கொல்மாரைச் சுற்றி ஜெர்மன் படை ஒரு பெரிய நிலப்பகுதியைப் பிடித்து வைத்திருந்தது. பிரெஞ்சு முதலாம் படையும் அமெரிக்கப் படைப்பிரிவுகளும் பனியில் சண்டையிட்டு மீட்டன. கொல்மார் நகரம் 1945 பிப்ரவரி 2-இல் விடுதலையானது, பெரிய சேதம் இல்லாமல் தப்பியது. ஆனால் பென்விர், சிகோல்சைம், அம்மெர்ஷ்விர், மிட்டெல்விர் தரைமட்டமாயின. ரிக்விரில் 16-ஆம் நூற்றாண்டு அப்படியே நிற்கிறது. சில கிலோமீட்டரில் உள்ள பென்விரில் எல்லாமே 1950-கள். சுற்றுலாப் பயணிகள் நிற்காமல் தாண்டிப் போகும் ஊர் அது. நீங்கள் நில்லுங்கள். திரும்பக் கட்டிய தேவாலயத்தில் ஒரு பக்கச் சுவரே நீளத்துக்கும் வண்ணக் கண்ணாடி.

சிகோல்சைமுக்கு மேலே, தோட்டங்கள் சூழ்ந்த குன்றில் பிரெஞ்சுப் படைவீரர் கல்லறை இருக்கிறது. சுமார் 1,600 பேர். சிலுவை வைத்த கல்லறைகளோடு, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து செத்த முஸ்லிம் வீரர்களின் கல்லறைகளும் யூத வீரர்களின் கல்லறைகளும் அங்கேயே இருக்கின்றன. குடியேற்ற நாடுகளிலிருந்து கூட்டி வரப்பட்ட பிள்ளைகள். அந்த வரிசையில் நின்று பெயர்களைப் படிக்கும்போது மனம் கனத்துப்போகும். பெர்க்ஹைமுக்கு மேலே ஜெர்மன் வீரர்களின் கல்லறை, ஐயாயிரத்துக்கும் மேல். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

முதல் உலகப் போருக்கு ஹார்ட்மான்ஸ்வில்லெர்கோப்ஃப். 956 மீட்டர் உயரக் குன்று. 1915-இல் ஒரே முகட்டுக்காக இரு பக்கமும் மாறி மாறி மோதின. பதுங்குகுழிகளும் முள்கம்பித் துண்டுகளும் இன்றும் காட்டுக்குள் கிடக்கின்றன. அடையாளம் தெரியாத சுமார் 12,000 வீரர்களின் எலும்புகள் நினைவு மண்டபத்துக்குக் கீழே இருக்கின்றன. பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து அமைத்த அருங்காட்சியகத்தை 2017 நவம்பரில் இரு நாட்டு அதிபர்களும் திறந்து வைத்தார்கள்.

நாட்ஸ்வைலர்-ஸ்ட்ருட்ஹோஃப் வேறு வகை. இன்றைய பிரான்ஸ் எல்லைக்குள் இருந்த ஒரே நாஜி வதைமுகாம். 1941-இல் திறந்தார்கள். துணை முகாம்களையும் சேர்த்து சுமார் 52,000 பேர் அடைக்கப்பட்டார்கள், அவர்களில் ஏறத்தாழ 17,000 பேர் இறந்தார்கள். மலைக்காட்சி அவ்வளவு அழகாக இருக்கும் இடத்தில் அந்த முள்வேலியைப் பார்ப்பது லேசான காரியம் இல்லை. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம் என்பேன். போகிற நாளில் வேறு எதையும் திட்டமிடாதீர்கள்.

கொல்மாரில் 'குட்டி வெனிஸ்' என்ற கால்வாய்ப் பகுதி தவிர என்ன இருக்கிறது?

உன்டர்லிண்டன் அருங்காட்சியகம். பழைய கன்னியர் மடத்தில் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை விடுமுறை. அங்கே இருக்கும் இசென்ஹைம் பலிபீட ஓவியத்துக்காக மட்டுமே கொல்மாருக்கு வரலாம். 1512-க்கும் 1516-க்கும் நடுவில் மத்தியாஸ் க்ரூனெவால்ட் வரைந்தது. இசென்ஹைம் மடத்துத் துறவிகள் 'அந்தோணியார் நெருப்பு' என்ற நோய்க்கு வைத்தியம் பார்த்தவர்கள். கம்பு போன்ற ரை தானியத்தில் பிடிக்கும் ஒரு பூஞ்சையால் வருவது. கை கால் எரியும், கறுத்து அழுகி விழும். நோயாளிகளை இந்த ஓவியத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்களாம்.

கிட்டே போய்ப் பாருங்கள். சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் தோல் பச்சை படிந்திருக்கும், உடம்பெங்கும் முள் தைத்த புண்கள், விரல்கள் வலியில் விரிந்து வானத்தைப் பார்த்திருக்கும். அந்தோணியாரின் சோதனை என்ற பலகையின் இடது கீழ் மூலையில் வயிறு வீங்கி உடலெல்லாம் கொப்புளமாக ஓர் உருவம் சாய்ந்திருக்கும். நோயாளி தன்னையே அங்கே கண்டிருப்பான். இன்னொரு பலகையில் உயிர்த்தெழும் கிறிஸ்து, புண்ணெல்லாம் போய், ஒளி வட்டத்துக்குள். 2022-இல் சீரமைப்பு முடிந்தது, நிறங்கள் இப்போது பளிச்சென்று இருக்கின்றன.

அமெரிக்கச் சுதந்திர தேவி சிலையை வடித்த பார்த்தோல்டி 1834-இல் பிறந்ததும் இங்கேதான், வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது.

மலைக்கு எப்படி? இயற்கைக் காட்சிக்கு ஒரே நாள்தான் இருக்கிறது என்றால்?

மலைமுகட்டுச் சாலையைப் பிடியுங்கள். முதல் உலகப் போரில் எதிரியின் கண்ணில் படாமல் படைகளையும் பொருட்களையும் கொண்டுபோகப் பிரெஞ்சுப் படை போட்ட சாலை இது. அதனால்தான் பல இடங்களில் முகட்டுக்கு மேற்கே ஒதுங்கியே போகும். வடக்கிலிருந்து தெற்காகப் போனால் வெள்ளை ஏரி, ஷ்லுக்ட் கணவாய், 1,363 மீட்டர் ஓனெக், கடைசியில் வோஜ் மலையின் உச்சியான 1,424 மீட்டர் கிரான் பலோன். வானம் தெளிந்த குளிர்நாளில் ஆல்ப்ஸ் மலைத்தொடர் தெரியும். ஓனெக் சரிவில் அதிகாலையில் ஷாமுவா என்ற மலையாடுகள் மேயும்.

மேலே மரமில்லாத புல்வெளிகள். நூற்றாண்டுகளாக மாடு மேய்த்து உண்டானவை. அங்கே உள்ள பண்ணை உணவகங்களில் மூன்ஸ்டர் பாலாடைக்கட்டி அதே பண்ணைப் பாலில் செய்ததாகவே கிடைக்கும். வாசனை தூக்கலாக இருக்கும், ருசி மென்மை.

நவம்பர் நடுவிலிருந்து வசந்தம் வரை பனியால் முகட்டுச் சாலையின் பெரும்பகுதி மூடப்படும். கோடையிலும் மேலே கீழேயை விடப் பத்து டிகிரி குறையலாம். ஸ்வெட்டர் வண்டியில் இருக்கட்டும். நடைபாதைகள் எல்லாவற்றிலும் வண்ணக் குறிகள் உண்டு. 1872-இல் தொடங்கிய வோஜ் மலை நடைச் சங்கத்தின் தன்னார்வலர்கள் அவற்றைப் பராமரிக்கிறார்கள்.

செங்கால் நாரை எங்கே பார்க்கலாம்?

தேவாலயக் கூரைகளில், புகைபோக்கிகளில், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. அலகைத் தட்டித் தடதடவென்று சத்தம் எழுப்பும், தலையைத் தூக்கினால் கூடு தெரியும். ஆப்பிரிக்காவில் வறட்சி, போகும் வழியில் மின்கம்பி என்று 1970-களின் நடுவில் அல்சாஸ் முழுவதிலும் பத்து ஜோடிகூட மிஞ்சவில்லை. உனாவிரில் 1976-இல் ஒரு மையம் தொடங்கி, குஞ்சுகளை மூன்று வருடம் அங்கேயே வைத்து வளர்த்து, வலசை போகும் வேகம் தணிந்த பிறகு விட்டார்கள். இன்று நூற்றுக்கணக்கான ஜோடிகள். அந்த மையத்தைப் பார்வையிடலாம்.

தோட்டத்துக்குள் நடக்க அனுமதி வேண்டுமா?

பலகை வைத்த பாதைகளில் தாராளமாக நடக்கலாம். கொடி வரிசைகளுக்கு நடுவே இறங்காதீர்கள், ஒரு குலையையும் பறிக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் ஒரு வருட உழைப்பு அது. அறுவடை நாட்களில் சில பாதைகளை மூடிவிடுவார்கள்.

ஒயின் ருசி பார்க்க விரும்புகிறவர்களுக்கு?

சிறு உற்பத்தியாளர்கள் வாசலில் பலகை வைத்திருப்பார்கள். பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை போகாதீர்கள், அது சாப்பாட்டு நேரம். லேசான சில்வனெரில் தொடங்கி, ரீஸ்லிங் வழியாக, மணம் மிகுந்த கெவுர்ஸ்ட்ராமினெரில் முடிப்பது வழக்கம். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், தயங்காமல் பயன்படுத்தலாம். நேரம் ஒதுக்கி விளக்கியவரிடம் ஒரு பாட்டிலாவது வாங்கிக்கொண்டு கிளம்புவது மரியாதை. வண்டி ஓட்டுகிறவர் குடிக்கவே வேண்டாம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. இந்தியாவுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு, ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

உள்ளூர்ச் சமையலில் பன்றி இறைச்சி அதிகம், முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஃப்ளாம்கூக் என்ற மெல்லிய ரொட்டியில் பாலாடை, வெங்காயத்தோடு பன்றித் துண்டும் தூவுவார்கள். 'சான் லார்தோன்' என்று சொன்னால் அது இல்லாமல் செய்து தருவார்கள், காளான் போட்டும் கேட்கலாம். வெங்காயப் பை, உருளைக்கிழங்குப் பொரியல் இரண்டிலும் பன்றித் துண்டு ஒளிந்திருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். பிரெட்ஸெல், கூகெல்ஹோப்ஃப் கேக், பழப் பைகள் கவலையில்லாதவை. இரவு ஒன்பது மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள், நம் வழக்கப்படி தாமதமாகப் போனால் பட்டினிதான்.

பாரிஸ் வழியாக வருகிறவர்களுக்கு ஒரு வசதி: லா ஷாப்பேல் தமிழ்க் கடைகளிலிருந்து கார் த லெஸ்ட் நிலையம் நடக்கும் தூரம். இடியாப்பமோ பரோட்டாவோ கட்டிக்கொண்டு ரயில் ஏறலாம்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப் போனால்?

எங்கும் கல் பாவிய தெரு, நல்ல செருப்பு வேண்டும். ஓ-கோனிக்ஸ்பூர்க்கில் படிகள் நிறைய. முட்டி வலி உள்ளவர்களுக்கு மலைமுகட்டுச் சாலை நல்லது, காரிலிருந்து இறங்கிப் பத்தடி நடந்தாலே காட்சி கிடைக்கும். கொல்மாரிலும் ஸ்ட்ராஸ்பூரிலும் படகுச் சவாரி உண்டு.

ஸ்ட்ராஸ்பூரில் ஒரே ஒரு இடம் என்றால்?

பேராலயம். வோஜ் மலையின் இளஞ்சிவப்பு மணற்கல்லில் எழுந்தது, 1439-இல் முடிந்த கோபுரம் 142 மீட்டர். 1647 முதல் 1874 வரை உலகின் மிக உயரமான கட்டடம் இதுதான். உள்ளே 19-ஆம் நூற்றாண்டு வானியல் கடிகாரத்தில் நண்பகல் 12.30-க்கு அப்போஸ்தலர் பொம்மைகள் ஊர்வலம் வரும். 332 படி ஏறினால் மேடை. மாலை வெயில் விழும்போது கல்லின் நிறம் மாறுவதைப் பார்க்க முன்முற்றத்தில் ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

பக்கத்திலேயே ஜெர்மனி இருக்கிறதே, ஒரு எட்டுப் போய் வரலாமா?

ஷெங்கன் விசா இருந்தால் தனி அனுமதி வேண்டாம். ஸ்ட்ராஸ்பூரிலிருந்து கெல் ஊருக்கு 2017 முதல் டிராமே ஓடுகிறது. தெற்கே என்றால் நெஃப்-பிரிசாக் வழியாகப் போங்கள். 1697 உடன்படிக்கையில் எதிர்க்கரையிலிருந்த ப்ரைசாக் கோட்டையை இழந்த பதினான்காம் லூயி, அதற்கு ஈடாக வோபான் என்ற கோட்டைப் பொறியாளரைக் கொண்டு இந்தக் கரையில் எட்டுக்கோண நகரத்தை எழுப்பினார். கொத்தளத்தைச் சுற்றி நடந்துவிட்டுப் பாலத்தைக் கடந்தால் அந்தப் பக்கம் ப்ரைசாக். எல்லையில் சில சமயம் சோதனை இருக்கும், பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.